ஒன்று கத்தினால் ஆறும் கத்தும்

என் மனைவி கீழே கூடத்தில் ஸ்டூல் மீது ஏறி நின்று புகை அலாரத்தின் பட்டனை அழுத்த வேண்டும். நான் மாடியில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. படுத்துக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். கதவைத் திறந்துகொண்டு அவளே வந்து நின்றாள்.

"என்னங்க, கேட்டதா?"

"நீ இன்னும் அழுத்தவே இல்லையே."

"நான்கு தடவை அழுத்திவிட்டேன்."

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கூடங்களில் காதை வைத்துப் பிழைத்தவன் நான். வயலினின் ஒரு கம்பி மயிரிழை இறங்கியிருந்தாலும் பதிவை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அந்தக் காதுக்கு, தீப்பிடித்தால் உயிரைக் காக்க வேண்டிய சத்தம் எட்டவில்லை. காரணம் ஓரளவு தெரிந்ததுதான். ஹெட்ஃபோனுக்குள் கழிந்த காலம், என் செவித்திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தைத் தோண்டி வைத்திருக்கிறது. வீட்டு அலாரங்கள் பெரும்பாலும் கத்துவது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி. பள்ளத்தின் சரிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் பழி முழுவதையும் காதின் தலையில் கட்ட மனம் வரவில்லை. மறுநாள் சத்தம் அளக்கும் மீட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். கூடத்தில், அலாரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி 87 டெசிபல். படிக்கட்டின் அடியில் 78. மேலே படி முடியும் இடத்தில் 66. நடையின் கடைசியில் இருக்கும் எங்கள் அறைக்குள், கதவு திறந்திருந்தால் 58. சாத்தினால் தலையணை அருகே 35. மின்விசிறியைப் போட்டால் மீட்டர் 50 காட்டியது. அலாரம் அடித்தாலும் 50, அடிக்காவிட்டாலும் 50.

அலாரத்தின் மேல் குற்றமில்லை. 3 மீட்டரில் 85 டெசிபல் வேண்டும் என்கிறது இஎன் 14604 என்ற ஐரோப்பியத் தரவிதி. அது அதற்கு மேலேயே கொடுத்தது. தூங்குபவரின் தலையணையில் 75 டெசிபல் விழ வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் என் வீட்டில் ஒரு படிக்கட்டும் ஒரு நடையும் ஒரு கதவும் இருக்கின்றன. பத்து டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியாகிவிட்டது போலக் காதுக்குத் தோன்றும். 75 எங்கே, 35 எங்கே!

"கதவைத் திறந்து வைத்துத் தூங்குங்களேன் அப்பா" என்றாள் மகள், தொலைபேசியில். எளிய யோசனை, ஆனால் தீயணைப்புத் துறையினர் சொல்வதற்கு நேர் எதிர். தூங்கும்போது அறைக்கதவைச் சாத்துங்கள் என்பதுதான் அவர்கள் ஓயாமல் சொல்வது. சாதாரண மரக்கதவுகூடப் புகையையும் அனலையும் சில நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். அந்தச் சில நிமிடங்கள் இன்று முன்னைவிடப் பெரிய விஷயம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வீட்டில் தீப்பிடித்தால் வெளியேறச் சுமார் 17 நிமிடங்கள் கிடைத்தன, இப்போது 3 நிமிடமோ அதற்கும் குறைவோதான் என்று அமெரிக்காவின் யூஎல் தீப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. மரச்சாமானும் பருத்தியும் இருந்த இடத்தில் ஃபோம் மெத்தையும் செயற்கை இழைச் சோபாவும் வந்துவிட்டன. அவை எரிகிற வேகம் வேறு. கீழே பற்றினால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும்.

ஆக, கதவைச் சாத்தினால் புகை வராது, சத்தமும் வராது. திறந்தால் இரண்டும் வரும். ஒலிப்பதிவுக் கூடங்களின் கதவுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சத்தம் கதவைத் தாண்ட வேண்டியதில்லை, கதவுக்கு உள்ளேயே இன்னொரு ஒலிபெருக்கியை வைத்தால் போதும். கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஸ்மோக் அலாரங்களை நான் வாங்கியதற்கு இந்த ஒரே காரணம்தான். புகையை அவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் உணர்வி அதேதான். செய்தியை எடுத்துக்கொண்டு நீங்கள் படுத்திருக்கும் இடம்வரை ஓடிவரும் கால்கள்தான் கூடுதல்.

வாங்கியது நான்கு புகை அலாரங்கள், சமையலறைக்கு ஒரு வெப்ப அலாரம். ஆறாவது ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது. அதன் கதை வேறு. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு சண்டை நடந்தது, அதையும் சொல்லத்தான் போகிறேன். பெயரைப் போட்டால் இது மதிப்புரையாக இல்லாமல் புகார் மனு ஆகிவிடும். ஒரே வகைச் சரக்கு பல பெயர்களில் கிடைக்கிறது. நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கம்பி இழுத்தும் இவற்றை இணைக்கலாம். கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் அதுதான் உத்தமம் என்பேன். குடியிருக்கும் வீட்டில் கான்கிரீட் தளத்தைக் கொத்திக் குழாய் பதிப்பது யாரால் ஆகும்? என்னால் ஆகாது. இவை ரேடியோ அலையில் பேசுகின்றன. அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வைஃபை வேண்டாம், இணையம் வேண்டாம், மின்சாரம் போனாலும் கவலையில்லை. எனக்கு இது பெரிய நிறை. தீ முதலில் தின்னக்கூடியது ரூட்டர் செருகியிருக்கும் அந்தப் பிளக்காகவும் இருக்கலாம் அல்லவா?

மருமகனுக்கு இதில் உடன்பாடில்லை. "இதற்குப் போனில் செயலி கிடையாதா மாமா?" என்று கேட்டார், இரக்கத்தோடு. கிடையாது. ஊரில் இல்லாதபோது வீட்டில் அலாரம் அடித்தால் தெரிய வேண்டும் என்பவர்கள் தனியாக ஓர் இணைப்புப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம்; நான் வாங்கவில்லை. பத்து ஆண்டு கூரையில் தொங்க வேண்டிய பொருளை, எத்தனை ஆண்டு இருக்குமென்று தெரியாத செயலியோடு கட்டிப்போட எனக்குத் துணிவில்லை. கூகுளே நெஸ்ட் புரொடெக்ட் என்ற தன் புகை அலாரத்தைத் தயாரிப்பதை 2025இல் நிறுத்திக்கொண்டது. மருமகனிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ஒப்புக்கொள்ளவில்லை.

பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்ட லித்தியம் வகை, கழற்ற முடியாது. பத்து ஆண்டு வரும் என்கிறார்கள். உணர்வியின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் முடிந்ததும் முழுதாகத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வீணாக்குகிறோமோ என்று முதலில் உறுத்தியது. பிறகு பழைய அலாரத்தின் பேட்டரி எத்தனை முறை எங்கள் சுவர்க் கடிகாரத்துக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். உறுத்தல் போய்விட்டது.

இணைக்கும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலைத் தின்றது. ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒன்றின் பட்டனை அழுத்திப் பிடித்து, நீல விளக்கு மின்னியதும் அடுத்ததை அழுத்தி, என்று போக வேண்டும். கையேட்டில் படம் ஒரு மாதிரி, எழுத்து ஒரு மாதிரி. மூன்றாவது முறையில்தான் ஐந்தும் ஒரு குடும்பமாயின. இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் திறமை வேண்டாம். இணைக்காமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாட்டிவிடாதீர்கள். சில பழைய வகைகளில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொடக்கக் குறியீடுதான். பக்கத்து வீட்டுக்காரரும் அப்படியே மாட்டியிருந்தால் அவர் வீட்டுப் புகைக்கு நீங்கள் எழுந்து ஓடுவீர்கள்.

மாட்டும்போதுதான் பாடம் தொடங்கியது. மேசைமேல் ஒட்டி உறவாடிய ஐந்தில், அப்பாவின் அறைக்குப் போன ஒன்று உறவை முறித்துக்கொண்டது. கூடத்தில் அழுத்தினால் அது வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் அறை கீழே பின்கோடியில் இருக்கிறது; நடுவில் ஒரே ஒரு சுவர். தூரம் என்று பார்த்தால் மாடியைவிடக் கிட்டே. அரை மணி நேரம் ஏணியில் ஏறி இறங்கிய பிறகு பார்த்தால், அலாரத்துக்கு நேர் கீழே, அந்தச் சுவரை ஒட்டி, ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. ரேடியோ அலைக்கு இரும்பும் கண்ணாடியின் ரசமும் சுவரைவிடக் கெட்டி. பீரோவை நகர்த்த அப்பா சம்மதிக்கவில்லை. அலாரத்தைக் கதவுப் பக்கமாக ஒரு மீட்டர் நகர்த்தினேன். பேசத் தொடங்கிவிட்டது.

இதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஒன்றைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராதே. அப்பாவின் அறை அலாரம் மாடியில் எங்கள் அறையை எப்படி எட்டுகிறது, நேராகவா, கூடத்து அலாரம் வழியாகவா? கூடத்து அலாரத்தைக் கழற்றி, மூடி இறுக்கமான ஒரு தகர டின்னுக்குள் போட்டு அடைத்துவிட்டு, அப்பாவின் அறையில் பட்டனை அழுத்தச் சொன்னேன். மாடி அமைதியாக இருந்தது. டின்னைத் திறந்து கூடத்து அலாரத்தை மாட்டினேன். மாடி கத்தியது. ஆக, அது வெறும் அலாரம் மட்டுமல்ல, கேட்டதை அடுத்தவருக்குச் சொல்லும் தூதுவனும்கூட. எல்லாத் தயாரிப்புகளிலும் எல்லா அலாரமும் இப்படித் தகவலைக் கடத்துவதில்லை. வாங்கும்முன் இதை ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பெட்டியின்மேல் போட்டிருக்கும் '100 மீட்டர்' திறந்த வெளிக்கான கணக்கு. வீட்டுக்குள் அது எதற்கும் உதவாது. மாட்டி முடித்ததும் ஒவ்வொன்றின் பட்டனையும் அழுத்தி, ஒவ்வொரு முறையும் எல்லா அலாரமும் பதில் சொல்கிறதா என்று நடந்து பாருங்கள். நான் ஐந்தை அழுத்தி ஐந்தைக் கேட்டேன், இருபத்தைந்து பதில். முட்டிவலி இரண்டு நாள் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். கூடத்து அலாரம் கத்தத் தொடங்கியவுடனே மற்றவை கத்துவதில்லை. கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் எங்கள் அறையில் 9 நொடி கழித்து. பேட்டரியைப் பத்து ஆண்டு இழுக்க வேண்டுமே. ஒவ்வொன்றின் ரேடியோவும் பெரும்பாலான நேரம் தூங்கி, சில நொடிக்கொரு முறை கண்விழித்து 'யாராவது கூப்பிட்டீர்களா?' என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்குகிறது. 9 நொடியில் எனக்குக் குறையில்லை. ஆனால் தொழில் புத்தி வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. புகைக்கான அலாரம் பல நாடுகளில் ஒரே தாளத்தில்தான் அடிக்க வேண்டும்: அரை நொடி ஒலி மூன்று முறை, ஒலிகளுக்கு நடுவே அரை நொடி மௌனம், மூன்றாவது முடிந்ததும் ஒன்றரை நொடி இடைவெளி. ஐஎஸ்ஓ 8201 என்ற தரவிதி வகுத்த தாளம். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு என்றால் மூன்றுக்குப் பதில் நான்கு அடி. வெவ்வேறு நொடியில் தொடங்கும் ஐந்து அலாரங்களுக்கு நடுவே, மாடிப்படி முடியும் இடத்தில் போய் நின்று பாருங்கள். ஒன்றின் மௌனத்தில் இன்னொன்று புகுந்து, மூன்றா நான்கா என்று எண்ணவே முடியாமல் கச்சேரி கலைந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் தாளம் பிடிக்கச் செய்வது இந்தக் காலத்தில் பெரிய வித்தையா என்ன? வடிவமைத்தவர்கள் எவரும் தங்கள் வீட்டுப் படிக்கட்டில் நின்று கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சமையலறை அலாரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது புகையைப் பார்ப்பதே இல்லை. சுற்றுவெப்பம் 58 டிகிரி செல்சியஸை எட்டினால் கத்தும், மற்றவற்றையும் கத்தவைக்கும். வாணலியில் எண்ணெய் லேசாகப் புகைந்தால் அதற்குக் கவலையில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு சமையலறை வாசலில் அயனியாக்க வகை அலாரம் ஒன்று வைத்திருந்தோம். அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருளின் துளி உள்ளே இருக்கும்; கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரன், ஆகவே கொழுந்துவிட்டு எரியும் தீயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். சூடான எண்ணெயிலிருந்து கிளம்புவதும் அதே அளவுத் துகள்கள்தான். தினமும் இரண்டு முறை கத்தி, என் மனைவியிடம் துடைப்பக் கட்டையால் அடி வாங்கி, கடைசியில் பரணுக்குப் போனது. தீயைக் கண்டுபிடிக்கும் அலாரத்தைவிட, குடும்பத்தார் கழற்றிப் போடாத அலாரம் மேல். இப்போது இருக்கும் வெப்ப அலாரம் இந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு முறைகூடப் பொய்க்குக் கத்தவில்லை.

சண்டை என்றேனே. மாட்டிய பத்தொன்பதாம் நாள் இரவு ஒரு 'கீச்'. நாற்பது நொடிக்கு ஒரு தடவை. கீச் என்றால் ஏதோ ஓர் அலாரத்தில் பேட்டரியோ உணர்வியோ பழுது. எந்த அலாரம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. என் தொழிலைச் சொல்லிச் சொல்லி மனைவி சிரித்தாள். இதற்கு ஒரு நியாயம் உண்டு. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, தாழ்ந்த ஒலியென்றால் இரண்டு காதுகளையும் அது எட்டும் நேர வித்தியாசத்தை வைத்தும், உயர்ந்த ஒலியென்றால் தலை மறைப்பதால் ஏற்படும் சத்த வித்தியாசத்தை வைத்தும் மூளை கணிக்கிறது. 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ்வரை இரண்டு வழியும் சரியாக வேலை செய்யாத இடைவெளி. அலாரம் கீச்சிடுவது அங்கேதான். அதுவும் அரை நொடிக்குக் குறைவாக, ஒரே ஒரு முறை. கடைசியில் ஒவ்வோர் அலாரத்துக்கும் கீழே நாற்பது நொடி நின்று பார்த்துத்தான் படிக்கட்டு அலாரத்தைப் பிடித்தேன்.

பேட்டரியைக் கழற்ற முடியாத வகை என்பதால் முழு அலாரத்தையும் மாற்ற வேண்டும். விற்றவர்கள் முதலில் ரசீது கேட்டார்கள். கொடுத்தேன். பிறகு அட்டைப்பெட்டி கேட்டார்கள். பத்து ஆண்டு உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்ததே அந்தப் பெட்டியில்தான். பத்து ஆண்டு பெட்டியை வைத்திருக்க வேண்டும் என்று எங்கும் அச்சிடவில்லை. இருபத்து மூன்று நாள் மின்னஞ்சலில் இழுத்தடித்த பிறகு மாற்று வந்தது. அந்த இருபத்து மூன்று நாளும், 'ஒருவரைக் காணோம்' என்று மீதி நான்கும் மஞ்சள் விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. காணாமல் போனதைக் கவனித்துச் சொல்வது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதியதைச் சேர்க்க ஐந்தையும் கீழே இறக்கி மறுபடி முதலிலிருந்து இணைக்கவைத்தது நல்ல குணமல்ல. இந்த ஒரு காரணத்துக்காக என் மதிப்பெண்ணில் பாதியை இங்கே வெட்டிவிட்டேன்.

நான்காம் மாதம் அந்த இரவு வந்தது. மணி இரண்டே முக்கால். எங்கள் தலைக்கு மேலே அலாரம் அலறியது. மீட்டர் கணக்கெல்லாம் மறந்தேபோயிற்று. அறைக்குள்ளேயே அடிக்கும் 87 டெசிபலைத் தூக்கத்தில் கேட்டால் மனிதன் எழுந்திருப்பதில்லை, கட்டிலிலிருந்து எறியப்படுகிறான். கதவின் வெப்பத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் திறந்தோம். புகை இல்லை. வாசனை இல்லை. ஆனால் வீடு முழுக்க ஐந்தும் கத்திக்கொண்டிருந்தன, யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. இணைந்த அலாரங்களின் பெரிய சங்கடம் இது. தனி அலாரமென்றால் சத்தம் வரும் இடத்தில் தீ. இங்கே எல்லா இடத்திலும் சத்தம். ஆரம்பித்த அலாரத்தில் மட்டும் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும் என்று ஞாபகம் வந்து, இருவரும் அண்ணாந்தபடி அறை அறையாக நடந்தோம். கூடத்து அலாரம்தான்.

எந்த அலாரத்தின் பட்டனை அழுத்தினாலும் மற்றவை அடங்கி, மூலம் மட்டும் தொடர்ந்து கத்தும் என்ற வசதியும் இதில் உண்டு. கையேட்டின் 31ஆம் பக்கத்தில், மறுநாள் காலை படித்தேன்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டிச் சிலந்தி. ஒளிவகை அலாரத்தின் உள்ளே கறுப்புச் சுவர்களால் ஆன ஓர் இருட்டறை உண்டு. ஒரு மூலையிலிருந்து அகச்சிவப்பு விளக்கு மின்னும். ஒளியைப் பார்க்கும் உணர்வி நேர் எதிரில் இல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். காற்று சுத்தமாக இருந்தால் அதன் கண்ணில் ஒளி படாது. புகை நுழைந்தால் துகள்களில் பட்டு ஒளி சிதறி அதன் கண்ணில் விழும், உடனே கத்தும். சிலந்தியின் வயிற்றிலும் ஒளி சிதறும். பூச்சி புகாமலிருக்க வலை இருக்கிறது. குட்டிச் சிலந்திக்கு அது வாசல். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை தூசி உறிஞ்சியின் மெல்லிய முனையால் சுற்றிலும் இழுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு பொய்யலாரம் இல்லை.

இதையெல்லாம் முடித்து, மனைவியும் நானும் கூடத்தில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அப்பா வெளியே வரவே இல்லை. ஓடினேன். அறையில், தலைக்கு மேலே இரண்டு மீட்டரில், இத்தனை நேரமும் அலாரம் கத்தியிருக்கிறது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். காதுக்கருவிகள் இரண்டும் மேசைமேல் டப்பாவில்.

அவருக்கு 82 வயது. முதுமையில் முதலில் விடைபெறுவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன். 3,000 ஹெர்ட்ஸில் அவருக்கு எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயன் குறைவு. ஒலி மனிதன் நான் இதை வாங்கும்முன்பே யோசித்திருக்க வேண்டும். என் பள்ளத்தை நினைத்தேனே தவிர அவருடையதை நினைக்கவில்லை. மெல்போர்னில் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டோரதி புரூக் தூங்குபவர்களை எழுப்பும் ஒலி எது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 520 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சதுர அலை, வழக்கமான கீச்சுக்குரலைவிடக் குழந்தைகளையும் செவித்திறன் குறைந்தவர்களையும் நன்றாக எழுப்புகிறது என்பது அவர் குழு கண்டது. படித்தவுடன் எனக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. சதுர அலையில் மேற்சுரங்கள் நிறைய உண்டு. ஒரு சுருதி கேட்காவிட்டால் இன்னொன்று கேட்கும். இசைக்கருவி மாதிரி.

கடையில் தேடியபோது இன்னொரு சுவர். ஒரு நிறுவனத்தின் அலாரம் இன்னொரு நிறுவனத்தின் அலாரத்தோடு பேசாது. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் பேசாது. ஆகவே திட்டிய அதே நிறுவனத்திடமே திரும்பிப் போக வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அவர்களிடம், கட்டிலருகே வைக்கும் தாழ்சுருதி ஒலிப்பானும், அதிலிருந்து ஒரு கம்பியில் தொங்கும் அதிர்வுத் தட்டும் இருந்தன. தட்டு தலையணைக்கு அடியில் போகும். வீட்டில் எந்த அலாரம் அடித்தாலும் ஒலிப்பான் முழங்கும், தட்டு குலுங்கும். அதுதான் அந்த ஆறாவது. மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி முதலிலிருந்து இணைத்து, மறுபடி முட்டிவலி.

யாருக்கு இது தேவை என்று கேட்டால்: ஒரே தளத்தில் இரண்டு அறை, திறந்த கதவு, நல்ல காது என்றால் நல்ல தனி அலாரமே போதலாம், அதற்கும் முதலில் தலையணையில் படுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மாடி இருந்தால், கதவு சாத்தும் பழக்கம் இருந்தால், வீட்டில் குழந்தையோ முதியவரோ இருந்தால் இணைந்தவைதான். ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2027 ஜனவரி 1 எல்லா வீடுகளுக்கும் கெடு. அங்கே ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று வேண்டும். அந்தக் கணக்கில் நான் தோற்றவன். மகள் வந்தால் தங்கும் அறையின் கூரை இன்னும் காலி. ஏழாவதை வாங்கினால் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டுமே என்று நாள் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

அதிர்வுத் தட்டை அப்பாவுக்குச் சொல்லாமல் சோதித்தேன். சொன்னால் விழித்துக்கொண்டே காத்திருப்பார். பகல் தூக்கம் நன்றாகப் பிடித்த நேரம் பார்த்து, மாடியில் எங்கள் அறை அலாரத்தை மனைவி அழுத்தினாள். நான் அவர் அறை வாசலில் கடிகாரத்தோடு நின்றேன். ஏழாம் நொடியில் ஒலிப்பான் முழங்கியது, தலையணை நடுங்கியது. எட்டாம் நொடியில் அப்பா எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனடா, கூப்பிட்டால் எழுந்திருக்கமாட்டேனா? எதற்குக் கட்டிலைப் போட்டு உலுக்குகிறாய்?"